வேதம் படித்தவள்

நல்ல செய்தி இருக்கிறது என்று சொல்லித்தான் ஜோசெலின் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மொன்றியலில் எங்கள் பல்கலைக்கழகத்தில் சமயக் கற்கைகள் துறைக்கு அவர்தான் தலைவர். ஒப்பந்த விரிவுரையாளரை உள்ளே கூப்பிட்டுக் கதவையும் சாத்திக் கோப்பியும் தந்தால், ஒன்று வேலை போகப் போகிறது, இல்லாவிட்டால் வேறு யாரும் செய்ய மறுத்த வேலை தலையில் விழப் போகிறது. எட்டு வருடம் அங்கே குப்பை கொட்டியவளுக்கு இது தெரியாதா என்ன.

"சாம்பவி, நிரந்தரப் பதவி ஒன்று வந்திருக்கிறது. உனக்காகவே எழுதியது போல இருக்கிறது" என்றார்.

எனக்காக எழுதியது என்றால் அது எபிரேயமாகத்தான் இருக்க வேண்டும். நான் யூதக் கற்கைகளில் முனைவர் பட்டம் வாங்கியவள். செத்த பல்லி எண்ணெய்ச் சாடிக்குள் விழுந்தால் எண்ணெய் தீட்டா, சாடி தீட்டா, சாடி இருந்த அடுப்பும் தீட்டா என்று பழங்காலத்து யூத மதகுருமாரான ரபிமார் தலைமுறை தலைமுறையாக மல்லுக்கட்டியிருக்கிறார்கள். அந்த மல்லுக்கட்டுத்தான் என் ஆய்வு. எனக்கு மேற்பார்வையாளராக இருந்த யோசெப், மொரோக்கோவில் பிறந்து பிரெஞ்சு பேசி வளர்ந்த யூதர், போன வருடம் ஓய்வு பெற்றுவிட்டார். அவருடைய இடம் காலியாகக் கிடந்தது. அது எனக்குத்தான் என்று துறையில் எல்லோரும் நினைத்தார்கள். நானும் நினைத்தேன்.

"இந்து சமயம்" என்றார் ஜோசெலின்.

"என்ன இந்து சமயம்?"

"பதவி. யோசெப்பின் இடத்தை நிர்வாகம் இந்து சமயத்துக்கு மாற்றிவிட்டது. மாணவர்கள் அதைத்தான் கேட்கிறார்கள்."

யோகா வகுப்புக்குப் போய் முதுகு நிமிர்ந்தவர்கள் கேட்கிறார்கள் என்று நான் மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். வெளியே, எனக்குச் சமஸ்கிருதம் ஓர் எழுத்தும் தெரியாது என்றேன்.

"கற்றுக்கொள்வாய். அதைவிட, உனக்கு அந்தச் சமயம் உள்ளிருந்தே தெரியும் அல்லவா?"

உள்ளிருந்து எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். சனிக்கிழமை காலையில் கோயில் வகுப்பில் அர்த்தம் தெரியாமல் பாடமாக்கிய தேவாரம், பரிசாகக் கிடைத்த பிளாஸ்ரிக் தண்ணீர்ப் போத்தல், சப்பாணி கட்டி இருந்து மரத்துப்போன கால். இதை வைத்துக்கொண்டு பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கலாம் என்றால் எங்கள் வீட்டுத் தொலைபேசி இலக்கத்தை வைத்துக் கணிதமும் படிப்பிக்கலாம்.

ஜோசெலின் கெட்டவர் இல்லை. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. எனக்கு நல்லது செய்கிறோம் என்று மனதார நம்பினார். "பார், நிரந்தரமாக இருப்பவர் தனக்குப் பிடித்த பாடநெறி ஒன்றையும் எடுக்கலாம். எபிரேய வகுப்பை நீயே வைத்துக்கொள். இல்லாவிட்டால் அடுத்த வருடம் அதை எடுக்க ஆள் இல்லை, அது போய்விடும்" என்றார்.

அங்கேதான் நான் மாட்டுப்பட்டேன். இந்தப் பதவி கிடைத்தால் எபிரேயம் பிழைக்கும், நானும் பிழைப்பேன். கிடைக்காவிட்டால் இரண்டு பேரும் சேர்ந்து போக வேண்டியதுதான். சரி, விண்ணப்பிக்கிறேன் என்றேன். அவர் எழுந்து வந்து என் தோளைத் தட்டினார்.

இந்த முகத்தோடு எபிரேயம் படிப்பிப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. முதல் வகுப்புக்கு நான் நுழையும்போது யாராவது ஒருவர் என்னிடம் கணினி வேலை செய்யவில்லை என்று முறைப்பாடு சொல்வார். விருந்துகளில் என்னைக் கண்டால் எல்லோருக்கும் ஒரு மயில் வேண்டும். சாலமோன் அரசனுக்குக் கப்பலில் வந்த மயிலை எபிரேயத்தில் சொல்லும் சொல் எங்கள் தோகையிலிருந்து போனது என்று சில அறிஞர்கள் எழுதியிருக்கிறார்கள். போயிருக்கலாம். ஆனால் நான் பத்து வருடம் பல்லியைப் படித்தவள். பல்லியைப் பற்றி ஒருவர்கூடக் கேட்டதில்லை. தமிழிச்சி எபிரேயம் படித்தால் மயிலுக்காகத்தான் படித்திருப்பாள் என்பது அவர்களுடைய முடிவு.

ஏன் படித்தாய் என்று கேட்பவர்களுக்கும் சொல்வதற்கு என்னிடம் நல்ல காரணம் இல்லை. பத்தொன்பது வயதில் பஸ் நேரத்துக்குப் பொருந்திய வகுப்பு அதுதான். போய் இருந்தேன். பிடித்தது. யூதர் நிறைய இருக்கும் கோட்-சென்-லூக்கில் யோசெப்பின் தொழுகைக் கூடத்துப் பெண்கள் என்னை அன்பாக உபசரித்துவிட்டு, எப்போது மாறப் போகிறாய் என்று கேட்டார்கள். எங்கள் கோயிலுக்கு வந்தால் இங்கே உள்ள பெண்கள் எப்போது மாறினாய் என்று கேட்டார்கள்.

அதற்குக் காரணம் ஒரு சொல். அம்மா வாயிலிருந்து வந்த சொல்.

எபிரேய பைபிள் படிக்கிறேன் என்று நான் வீட்டில் சொன்ன அன்று அம்மா தன் தமக்கைக்கு ரெலிபோன் எடுத்து, "சாம்பவி இப்ப வேதம் படிக்கிறாள்" என்று சொல்லிவிட்டா. தமிழ்நாட்டில் ஒரு சைவத் தாய் இப்படிச் சொன்னால் சொந்தக்காரர் பூரித்துப் போவார்கள். எங்கள் ஆட்களுக்கு வேதம் என்றால் கிறிஸ்தவம். வேதக்காரர் என்றால் கிறிஸ்தவர். வேதத்துக்குப் போனது என்றால் பிள்ளை கைவிட்டுப் போனது என்று அர்த்தம். அந்த வார முடிவுக்குள் எங்கள் ஆட்கள் இருக்கும் ரொக்ஸ்பரோவிலிருந்து டொலார்ட் வரைக்கும், அருளம்பலத்தாரின் ஒரே மகள் வேதத்துக்கு மாறிவிட்டாள் என்று கதை போய்ச் சேர்ந்துவிட்டது. யூதர் வேறு, கிறிஸ்தவர் வேறு என்று விளக்கப் போனேன். "எல்லாம் அந்தப் பக்கம்தானே" என்றார்கள்.

அருளம்பலத்தார் என்னுடைய அப்பா. ஷபானெல் தெருத் தையல் தொழிற்சாலையில் இஸ்திரிப் பெட்டியால் உடுப்பு மினுக்கி ஓய்வு பெற்றவர். பியர்ஃபோனில் பழைய கார் ரயர்க் கிடங்கு ஒன்றை வாங்கிப் பிள்ளையார் கோயிலாக்கிய ஆட்களில் ஒருவர், இப்போது தலைவர். ஆண்டுக் கூட்டத்தில் அவருடைய பேச்சு எப்போதும் ஒரே இடத்துக்குத்தான் வரும். "யூதரைப் பாருங்கோ. உலகம் முழுக்கச் சிதறினாலும் தங்கட சமயத்தை விட்டவையோ? நாங்களும் அவையளை மாதிரி இருக்க வேணும்." மண்டபம் கைதட்டும். அந்த யூதரைப் பற்றி மொன்றியலிலேயே கொஞ்சம் விசயம் தெரிந்த ஒரே தமிழிச்சி மூன்றாவது வரிசையில் இருப்பாள். அவர் மட்டும் அந்தப் பக்கம் பார்க்க மாட்டார்.

பதவி விவரத்தில் ஒரு விசித்திரமான நிபந்தனை இருந்தது. இது சமூகத்தோடு இணைந்த பதவியாம். மாணவரைக் கோயிலுக்குக் கூட்டிப் போக வேண்டும், கோயில்காரர் அந்த ஆளை ஏற்றுக்கொள்ள வேண்டும். ஜோசெலின் என்னிடம் எந்தக் கோயில் என்று கேட்டார். அப்பா தலைவராக இருக்கும் கோயில் என்று சொன்னதும் அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. வேறு துறையாக இருந்தால் தகப்பனிடம் மகளைப் பற்றி விசாரிப்பது முறைகேடு. எங்கள் துறையில் அதற்குப் பெயர் சமூக வேர்.

தேர்வுக் குழு கோயிலுக்கு வந்து விசாரிக்கும் முன் அப்பாவிடம் எல்லாவற்றையும் தெளிவாகச் சொன்னேன். எட்டு வருடமாக ஒவ்வொரு தவணையும் அடுத்த தவணை வேலை இருக்குமோ என்று பார்த்துக்கொண்டிருப்பதையும், இது கிடைத்தால் அந்தப் பயம் முடியும் என்பதையும் சொன்னேன். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "வரச் சொல்லு, பாப்பம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானப் பூசை முடிந்து அன்னதானத்துக்கு வந்தார்கள். ஜோசெலினும், தேர்வுக் குழுவில் இருந்த நரைத்த பேராசிரியர் ஒருவரும், மொழிபெயர்க்க அபினவும். அபினவ் கோயம்புத்தூரிலிருந்து வந்து எங்கள் துறையில் முதுமாணி படிக்கும் பையன். நானே மொழிபெயர்த்திருப்பேன். விண்ணப்பித்தவரே தன்னைப் பற்றி மொழிபெயர்ப்பது நியாயம் இல்லை என்று ஜோசெலின் சொல்லிவிட்டார். நியாயத்தில் அவரை யாரும் வெல்ல முடியாது.

சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, வடை, பாயசம். அம்மா கரண்டியோடு மேசை மேசையாக நடந்து, வெள்ளைக்காரருக்கு உறைக்கும் என்று கறியைத் துளித் துளியாக விட்டா. ஜோசெலின் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, பச்சைக் காலுறையோடு மிகவும் மரியாதையாக இருந்தார். அப்பா வேட்டி சால்வையோடு எதிரே இருந்தார். பக்கத்தில் பொருளாளர். கோயில் நிலத்தில் இன்னும் ரயர் மணம் கொஞ்சம் இருந்தது, வெயில் நாளில் அது கிளம்பும்.

பாயசம் வந்தபோது ஜோசெலின் கேட்டார். "திரு அருளம்பலம், உங்கள் சமயத்தைப் பற்றி மற்றவர்களுக்குச் சொல்ல சாம்பவி பொருத்தமானவர் என்று உங்கள் சமூகம் நினைக்கிறதா?"

அபினவ் அதைத் தமிழில் சொன்னான். அப்பா கையைக் கழுவிக்கொண்டு வந்து நின்றார். கூட்டத்தில் பேசுவது போலவே நின்றார்.

"நான் தகப்பன் எண்ட முறையில கதைக்கேல்லை, கோயில் தலைவர் எண்ட முறையில கதைக்கிறன். இவ சின்ன வயசிலயே வேதம் படிக்கத் தொடங்கினவ. நாங்கள் தாய் தகப்பன் சொல்லியும் விடேல்லை. இண்டைக்கும் வேதம்தான். எங்கட கோயில் ஆக்கள் எல்லாருக்கும் அது தெரியும். அதுக்கு மேல நான் என்னத்தைச் சொல்ல."

பெற்ற தகப்பன் எழுந்து நின்று, ஊரார் பதினெட்டு வருடமாகக் குசுகுசுத்ததைச் சபையில் சொல்கிறார். பொருளாளர் தலையைக் குனிந்துகொண்டார். அம்மா கரண்டியோடு அப்படியே நின்றா.

அபினவ் மலர்ந்த முகத்தோடு ஆங்கிலத்துக்குத் திரும்பினான். "தலைவர் சொல்கிறார், இவர் சிறு வயதிலிருந்தே வேதங்களைக் கற்றவர். பெற்றோர் போதும் என்று சொல்லியும் விடவில்லை. இன்றைக்கும் கற்கிறார். கோயிலில் எல்லோருக்கும் இது தெரிந்த விசயம். இதற்கு மேல் ஒரு சான்று தேவையில்லை என்கிறார்."

நரைத்த பேராசிரியர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஜோசெலின் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "வேதங்களா? எங்களிடம் நீ ஒரு வார்த்தை சொல்லவில்லையே."

நான் வாயைத் திறக்கவில்லை. அதற்காக நான் வெட்கப்படவும் இல்லை. ஒரு பொய்யும் நான் சொல்லவில்லை. என்னை வெட்ட வந்த சொல் கோயம்புத்தூர் வழியாகச் சுற்றிப் போய் எனக்கு மாலையாக விழுந்திருக்கிறது. எனக்குத் தெரிந்த வேலையை எனக்குத் தராமல், என் தோலில் ஒட்டியிருக்கும் வேலையைத் தருகிறேன் என்று வந்தவர்கள், தாங்கள் கேட்க விரும்பியதைக் கேட்டுக்கொண்டார்கள். விழுந்ததை ஏன் கழற்ற வேண்டும்? ஒரு கோடையில் சமஸ்கிருதம் தொடங்கலாம். மனிதர் பழைய அரமேய மொழியையே படிக்கிறார்கள். நான் பாயசத்தைக் குடித்தேன்.

அப்பாவுக்கு ஆங்கிலம் அவ்வளவு வராது. ஆனால் ஒரு சொல் அவர் காதில் பட்டுவிட்டது.

"தம்பி, இப்ப என்ன சொன்னனீர்?"

"நீங்க சொன்னதைத்தான் சார் சொன்னேன். அவங்க வேதம் படிச்சவங்கன்னு. ரிக், யஜுர், சாமம்..."

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது. என் வேலை அவருடைய வாயில் இருந்தது, அதுவும் அவருக்கு விளங்கிவிட்டது. பொருளாளர் அவருடைய சால்வையை மெதுவாக இழுத்து, "விடுங்கோ அண்ணை, பிள்ளைக்கு ஒரு வழி பிறக்கட்டும்" என்றார். அம்மா பின்னால் நின்று, "பேசாமல் இருங்கோப்பா" என்றா. அவ்வளவு பேரும் அவரிடம் கேட்டது பேசாமல் இருப்பதைத்தான். அது ஒரு மனிதருக்குக் கஷ்டமான வேலையா?

அப்பா நேரே ஜோசெலினைப் பார்த்தார். மொழிபெயர்ப்பாளரை விட்டுவிட்டுத் தானே ஆங்கிலத்தில் இறங்கினார்.

"நோ மேடம். நொட் வேதா. பைபிள். மை டோட்டர், பைபிள். ஜூயிஷ் பைபிள். ஹிந்து ரிலிஜன் ஷீ டோன்ட் நோ."

அபினவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "சாரி மேடம்" என்று என்னிடம் குனிந்து சொன்னான். "எங்க ஊர்ல வேதம்னா வேதம்தான். எனக்கு இது சுத்தமா தெரியாது."

"பரவாயில்லை. உனக்குத் தெரிய நியாயமில்லை" என்றேன்.

ஜோசெலின், ஆமாம் ஆமாம், யூதக் கற்கைகள், எங்களுக்குத் தெரியும், அருமையான துறை என்று சிரித்துச் சமாளித்தார். அந்தச் சிரிப்பு அவர் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வெளியே போகும் வரைக்கும் அவர் முகத்தில் நின்றது. நரைத்த பேராசிரியர் விபூதிப் பிரசாதத்தைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு போனார்.

வீட்டுக்குத் திரும்பும்போது காரை நான் ஓட்டினேன். அம்மா பின்னால் மிச்சக் கறிச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தா.

"ஏனப்பா சொன்னனீங்கள்?"

"கோயிலுக்குள்ள நிண்டு பொய் சொல்லச் சொல்லுறியோ?"

"நீங்கள் ஒண்டும் சொல்ல வேண்டாம். சும்மா இருந்திருந்தால் போதும்."

"என்ர வாயால சொன்னதை ஆரோ மாத்திச் சொன்னால் அது என்ர பொய்தான்."

"நான் வேதத்துக்குப் போகேல்லை அப்பா. எத்தனை தரம் சொல்லுறது? யூதர் வேதக்காரர் இல்லை. நானும் யூதர் இல்லை. நான் படிப்பிக்கிறன், அவ்வளவுதான். படிப்பிக்கிறதுக்கு அந்தச் சமயமா இருக்கத் தேவையில்லை."

"எங்கட சமயத்தைச் சொல்லிக் குடுக்கிறதெண்டால் எங்கட ஆளா இருக்க வேணும்" என்றார் அப்பா. "அது விளையாட்டில்லை."

"அப்ப நான் ஆர்?"

அவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அம்மா சட்டி மூடியைச் சரிசெய்தா.

கிழமைகள் போயின. ஜோசெலின் ரெலிபோனில்தான் சொன்னார், இந்தத் தடவை கோப்பி இல்லை. என்னுடைய புலமை பற்றிக் குழுவில் ஒருவருக்கும் சந்தேகம் இல்லையாம். சமூகத்தின் நம்பிக்கை என்ற இடத்தில்தான் தயக்கம் வந்ததாம். "உன் தந்தையே சொன்ன பிறகு நாங்கள் என்ன செய்ய முடியும், சொல்" என்றார். எபிரேய வகுப்பு வருகிற செப்டெம்பரிலிருந்து ஓய்வில் வைக்கப்படுகிறது. ஓய்வு என்ற சொல்லை அவர் கவனமாகத் தேர்ந்தெடுத்திருந்தார். வகுப்பு களைத்துப்போய்விட்டது போல.

பதவி யாருக்குப் போனது என்று அபினவ் சொன்னான். டென்மார்க்கிலிருந்து ஒருவர். கோயில் கட்டடங்களைப் பற்றி ஆராய்ந்தவர், சமஸ்கிருதம் நன்றாகத் தெரிந்தவர், தமிழும் வாசிப்பாராம். அவருடைய கட்டுரைகளை எடுத்துப் படித்தேன். குறை கண்டுபிடிக்கத்தான் படித்தேன், கிடைக்கவில்லை. அந்த வேலைக்கு என்னைவிட அவர் பொருத்தம். அவர் பிறக்காத சமயத்தை அவர் படிப்பிப்பதில் எனக்கு என்ன வழக்கு? பிறக்காத சமயத்தைப் படிப்பிக்கலாம் என்று எட்டு வருடமாகத் தொண்டை கிழியச் சொன்னவளே நான்தான். என் கோபத்தை நிறுத்தி வைக்க ஒரு நியாயமான சுவர்கூட எனக்கு இல்லாமல் போனது.

யோசெப்புக்குச் சொன்னேன். அவர் தன் புத்தகங்களில் எது வேண்டும் என்று கேட்டார். செத்த வீட்டில் உடுப்புப் பங்கிடுவது போல இருந்தது, ஒன்றும் வேண்டாம் என்றுவிட்டேன். கடைசி வகுப்பில் வினைச்சொற்கள் நடந்தன. மாணவர் கைதட்டினார்கள். பிள்ளைகள் நல்லவர்கள், அடுத்த வருடம் யோகா வரலாறு எடுப்பார்கள்.

வீட்டில் சொல்லாமல் சில நாள் இழுத்தேன். வேலை போன விசயம் அம்மாவுக்கு எப்படியோ தெரிந்து, அவ அப்பாவிடம் சொல்லியிருக்க வேண்டும். நான் குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தபோது அவர் வந்து கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தார். எனக்குப் பக்கத்தில் வந்து இருப்பது அவர் வழக்கம் இல்லை. மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று ஒரு நிமிடம் நினைத்தேன். நினைத்ததோடு நிற்காமல், அதை ஏற்றுக்கொள்ளவும் தயாராகிவிட்டேன். அவருக்கும் ஒரு கோப்பையில் ஊற்றினேன்.

"போனது போகட்டும் பிள்ளை" என்றார். குரல் மெதுவாக இருந்தது, உண்மையாகவே எனக்கு ஆறுதல் சொல்லத்தான் வந்திருந்தார். "அந்த வேதம் துலைஞ்சுது. இனி ஆறுதலா எங்கட சமயத்தைப் படி. படிச்சுப்போட்டு அதைப் படிப்பி. ஒருத்தரும் ஒண்டும் சொல்ல மாட்டினம்."

"அதுக்கு ஆள் எடுத்திட்டினம் அப்பா."

"ஆரை?"

"டென்மார்க்கில இருந்து ஒருத்தர் வாறார்."

அப்பா கோப்பையைக் கீழே வைத்தார்.

"ஆள் சைவமோ?"

"அவரிட்ட ஒருத்தரும் கேக்கேல்லை" என்றேன்.